மனைவி பெயரில் வாங்கிய வீடும் மூலதன ஆதாய வரியும்: எங்களுக்கு நடந்தது

இலங்கையில் மட்டக்களப்பு கல்லடியிலிருந்து எழுதுகிறேன். அக்கா கலியாணம் முடித்தது மதுரைக்காரரை. சென்னையில்தான் குடியிருப்பு, இந்தியக் குடியுரிமையும் எடுத்துவிட்டார். 2017இல் மச்சான் தன் பெயரில் வேளச்சேரியில் இருந்த ஃபிளாட்டை விற்றார். லாபம் 32 இலட்சம் இந்திய ரூபாய், அதற்கு அப்போது 20 சதவீத மூலதன ஆதாய வரி. வேறு வீடு வாங்கினால் வரி இல்லை என்று கேள்விப்பட்டு, அம்மாவுக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டை அக்கா பெயரில் உறுதி (பத்திரம்) எழுதலாம் என்று பேசி முடித்துவிட்டோம். எங்கள் பக்கம் வீடென்றால் பெண்பிள்ளைக்குத்தானே. அம்மா போய் வளவில் நின்ற தென்னைகளைக்கூட எண்ணிவிட்டு வந்தார். 11 மரம்.

ஆடிட்டர்தான் தடுத்தார். அப்போதைய இந்திய வருமான வரிச் சட்டத்தின் 54ஆம் பிரிவில் 2014இல் வந்த திருத்தத்தின்படி புது வீடு இந்தியாவுக்குள் இருக்க வேண்டும். மட்டக்களப்பில் யார் பெயரில் வாங்கினாலும் விலக்கு இல்லை.

சரி என்று தாம்பரத்தில் வாங்கினார்கள். விற்ற நாளிலிருந்து 2 வருடம் அவகாசம், இவர்கள் எட்டாம் மாதமே முடித்துவிட்டார்கள். பத்திரம் அக்கா பெயரில் மட்டும். விற்றவர் ஒருவர், வாங்கியவர் வேறொருவர் என்று சொல்லி வரி அதிகாரி விலக்கை மறுத்துவிட்டார். தன் பெயரைப் போட்டதால்தான் மச்சானுக்கு இந்தக் கஷ்டம் என்று அக்கா போனில் அழுதார். அதைக் கேட்டுக்கொண்டு இங்கே ஒன்றும் செய்ய முடியாமல் இருந்தது பெரிய வேதனை.

மேல்முறையீட்டில் கைகொடுத்தது வங்கிக் கணக்கு. ஃபிளாட் விற்ற காசு மச்சானின் கணக்கில் விழுந்த பதிவு, அதிலிருந்து தாம்பரம் வீட்டுக்குப் போன மூன்று காசோலைகள், எல்லாவற்றுக்கும் ஆடிட்டர் மஞ்சள் மையால் கோடு போட்டிருந்தார். அக்காவின் காசு ஒரு ரூபாயும் கலக்கவில்லை. அதோடு நடராஜன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் சொன்ன தீர்ப்பையும் வைத்தார். அங்கும் வீடு மனைவி பெயரில்தான், விலக்குக் கிடைத்தது. 2013இல் கமல் வஹால் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றமும் அப்படித்தான் சொன்னது, அது வீடு அல்லாத வேறு சொத்தை விற்று வீடு வாங்குவோருக்கான 54எஃப் பிரிவில். எங்களுக்கும் கிடைத்தது.

பிள்ளை பெயரில் எழுத நினைப்பவர்கள் கவனம். தத்துப்பிள்ளை பெயரில் வாங்கியவருக்கு மும்பை உயர் நீதிமன்றம் 2008இல் மறுத்துவிட்டது. இன்னொன்று, மச்சானின் காசில் வாங்கிய வீடு என்பதால் அதை வாடகைக்கு விட்டால் அந்த வருமானம் அவருடைய வரிக் கணக்கில்தான் சேரும்.

*

நான் கல்முனை. மேலே கல்லடிக்காரர் எழுதிய அக்காவின் கதையைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். இலங்கையில் 2018 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வரிச் சட்டத்தில், வேறு வீடு வாங்கினால் விலக்கு என்ற பேச்சே இல்லை. பார்ப்பது விற்ற வீட்டைத்தான். விற்குமுன் தொடர்ந்து 3 வருடம் உங்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், அந்த 3 வருடத்தில் 2 வருடமாவது அதுவே நீங்கள் குடியிருந்த பிரதான வீடாக இருக்க வேண்டும். என்னுடையது சீதன வீடு, உறுதி என் பெயரில், 14 வருடம் இருந்தோம். கிராம சேவகரின் கடிதமும் பழைய மின்சார பில்களும் கொடுத்தோம். புது வீட்டை என் கணவர் பெயரில் எழுதினோம், அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

*

களுவாஞ்சிக்குடியிலிருந்து. தங்கச்சி, மின்சார பில் உங்கள் பெயரிலா இருந்தது? எங்கள் வீட்டில் உறுதி மனைவி பெயரில், பில் இன்னும் மாமனார் பெயரில். அடுத்த வருடம் விற்கிற எண்ணம் இருக்கிறது, திங்கட்கிழமையே பெயர் மாற்றப் போகிறேன்.