ஆச்சி பாதில விட்ட ஒயர் கூடை, எப்படி முடிக்கிறது?

தென்காசிப் பேத்தி:
எல்லாருக்கும் வணக்கம். ஊர் வீட்ட காலி பண்றப்ப பரண்ல ஒரு ஒயர் கூடை கெடச்சுது, எங்க ஆச்சி பின்னுனது, பச்சையும் மஞ்சளும், அடியும் பக்கத்துல ஏழு வரிசையும் முடிச்சு அப்படியே நிக்குது. ஆச்சி மெட்ராஸ் வர்றப்பல்லாம் இந்த மாதிரி கூடைலதான் தூக்குச்சட்டில புளிச்சோறு, நார்த்தங்கா ஊறுகா, எங்களுக்கு முறுக்கு எல்லாம் வரும். அப்ப செங்கோட்டை வண்டி மீட்டர் கேஜ், அது ஆடுற ஆட்டத்துலயும் ஜன்னலோரமா உக்காந்து பின்னிட்டே வருவா.
ஜூலைல சாரலுக்குக் குத்தாலம் போறோம், அப்படியே செங்கோட்டை புனலூர் ரயில்லயும் போகணும்னு ஆச. அதுக்குள்ள இத முடிச்சு சோறு கட்டி எடுத்துட்டுப் போகணும். பழைய ஒயரோட புது ஒயர சேக்கலாமா? இது சிவன் கண் முடிச்சா நெல்லிக்காய் முடிச்சான்னுகூட எனக்குத் தெரியல, முடிச்செல்லாம் சின்னச் சின்ன சதுரமா இருக்கு.

கூடைக்காரி:
சதுரமா இருந்தா சாதா முடிச்சுதான்மா, நெல்லிக்காய்னா உருண்டு புடைச்சு நிக்கும், தொட்டாலே தெரியும். மொதல்ல தொங்குற ஒயர, அதான் சுத்திச் சுத்திப் பின்ற ரன்னிங் ஒயர, நல்லா மடிச்சுப் பாருங்க, மடிச்ச எடத்துல வெள்ளக் கோடு விழுந்தா இழுக்கறப்ப பட்டுன்னு போயிடும். மேல நீட்டிட்டு நிக்கிற ஒயரையும் அப்படியே பாருங்க, ரன்னிங் ஒயர் போனா மாத்திக்கலாம், நிக்கிறது போனா ஒண்ணும் பண்ண முடியாது. வெரப்பா மட்டும் இருந்தா வெந்நில கொஞ்ச நேரம் போட்டா எளகும், வெயில்ல மட்டும் வெக்காதீங்க. ஒட்டுப் போடறது ஈசி, பழைய முனைய உள்பக்கமா நாலஞ்சு முடிச்சுக்குள்ள சொருகிட்டு, புது ஒயர்ல ஒரு சாண் விட்டு ஆரம்பிச்சு அந்த மிச்சத்தையும் அதே மாதிரி சொருகிடுங்க. மூலைல ஒட்டு வேணாம், அங்க இழுவ ஜாஸ்தி.

பழைய பாசஞ்சர்:
கூடை பத்தி நமக்கு ஒண்ணும் தெரியாது, ரயில்னதும் வந்துட்டேன். அந்த மலை லைன் 1904ல போட்டது, 2010ல மூடி அகலப்பாதையாக்கி 2018லதான் முழுசா ஓட விட்டாங்க. பகவதிபுரம் தாண்டுனா பெரிய குகை, அப்புறம் கழுதுருட்டி பக்கம் பதிமூணு கண் பாலம், பக்கத்து ரோட்டுலேருந்து பாத்தாதான் அதோட அழகு தெரியும், வண்டிக்குள்ள இருந்தா ஒரு நிமிஷத்துல போயிடும். சோத்த அதுக்கு முன்னாடியே பிரிச்சிடாதீங்க.

மணிமாலா:
நானா இருந்தா தொடவே மாட்டேன். ஆச்சி கை பட்டது அப்படியே இருக்கட்டும், பக்கத்துல புதுசா ஒண்ணு பின்னிக்கலாமே. நாலு கட்டு ஒயர் இருந்தா ஒரு கூடை, பாரிமுனைல எல்லாக் கலரும் கிடைக்கும்.

தென்காசிப் பேத்தி:
மணிமாலா அக்கா, நீங்க சொன்னத ரெண்டு நாளா யோசிச்சேன். ஆனா எங்க ஆச்சி பாதில நிக்கிற எதையும் பாக்க சகிக்க மாட்டா, மாவு அரைக்கிறப்ப கரண்ட் போனாக்கூட ஆட்டுரல்ல உக்காந்துருவா.
தொங்குன ஒயர் மடிச்சதும் வெள்ளக் கோடு விழுந்து ஒடஞ்சே போச்சு. நிக்கிற ஒயரெல்லாம் ரப்பர் பேண்டு போட்டு சேலைத் துணில சுத்தி வெச்சிருந்தா, அது நல்லாவே இருக்கு. புது பச்சை ஒயர் வாங்கி மூணு வரிசை போட்டாச்சு. ஆச்சி முடிச்சுக்குள்ள ஊசி நொழையாது, என்னுது லூசா இருக்கு, அதனால எட்டாவது வரிசைலேருந்து கூடை லேசா அகலமாயிட்டே போகுது. அவுத்துட்டு மறுபடி போடவா?

கூடைக்காரி:
அவுக்காதீங்க. அடுத்த வரிசைலேருந்து ஒவ்வொரு முடிச்சையும் ரெண்டு தடவ இழுங்க, வாய்ப்பக்கம் கொஞ்சம் அகலமா இருந்தா தூக்கு உள்ள போக வசதிதான். கைப்பிடிக்கு இப்பவே ஒயர் எடுத்து வெச்சுக்கோங்க, எல்லாரும் கடைசில அதுலதான் மாட்டிப்பாங்க.

தென்காசிப் பேத்தி:
எடுத்து வெக்கல க்கா 😭 நாளைக்கு மறுபடி பாரிமுனை.