கோப்பில் இருக்கும் பெயரை "இல்லை" என்ற நிரல்: உங்களுக்கும் நேர்ந்ததா?

வேப்பம்பூ:
படிவத்தில் தட்டச்சிடும் பயனர்பெயர் கோப்பில் உள்ளதா என்று பார்க்கும் சிறு பைத்தான் நிரல் அது. வரிக்கு ஒன்றாக 5 பெயர்கள்; கடைசிப் பெயருக்கு மட்டும் "உள்ளது" என்றது, மற்ற நான்கிற்கும் கூசாமல் "இல்லை" என்றது. ஒப்பிடும் இடத்துக்கு மேல் இரண்டையும் பிரிண்ட் செய்தேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தன. கோப்பிலிருந்து வந்த பெயருக்குக் கீழே மட்டும் ஒரு வெற்று வரி விழுந்தது. மறுநாள், புதுவரி போன்ற மறைகுறிகளையும் எழுத்தாகக் காட்டும் ரெப்ர் போட்டு அச்சிட்டபோது, பெயரின் வாலில் ஒரு பின்சாய்கோடும் ஆங்கில 'என்' எழுத்தும் தொங்கின; அதுதான் புதுவரிக் குறி. கடைசிப் பெயருக்குப் பின் நான் என்டர் தட்டாததால் அது மட்டும் தப்பியிருக்கிறது. அந்த வெற்று வரியை ஒரு மாலை முழுதும் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

அரைகுறை நிரலர்:
சரத்தின் (எழுத்துத் தொடரின்) இரு முனைகளிலும் உள்ள வெற்றிடத்தையும் புதுவரியையும் நீக்கும் ஸ்ட்ரிப் எனக்குத் தெரிந்தும் பயனில்லை. அதைத் தனி வரியாக எழுதிவிட்டு, விடையை எந்த மாறியிலும் ஏற்றாமல் விட்டிருந்தேன். சரம் தன்னை மாற்றிக்கொள்ளாது, புதிய சரத்தைத்தான் திருப்பித் தரும் என்பது உறைக்க 2 நாள் ஆயிற்று.

நடுநிசி:
மேலே இருவரும் ஸ்ட்ரிப்பைச் சர்வரோக நிவாரணி போலச் சொல்வதை ஏற்க முடியவில்லை. எனக்கு முதல் வரி மட்டுமே பொருந்தவில்லை. 6 எழுத்துப் பெயருக்கு, நீளத்தை எண்ணும் லென் 7 என்றது. உரைத்திருத்தி கோப்பின் தொடக்கத்தில் சேர்த்திருந்த, கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் என்ற குறியாக்க அடையாளக் குறி வெற்றிட வகையைச் சேர்ந்ததன்று, ஆகவே ஸ்ட்ரிப் அதைத் தொடாது. கோப்பைத் திறக்கும்போதே என்கோடிங்கை (எழுத்துக் குறியாக்கத்தை) 'யுடிஎஃப்-8-சிக்' என்று கொடுங்கள்; அந்தக் குறியை விட்டுவிட்டுப் படிக்கும். கடவுச்சொல் போல இடைவெளிக்கும் பொருள் உள்ள இடத்தில் இருபுறமும் வழித்தெடுக்காமல், வலப்புறம் மட்டும் நீக்கும் ஆர்ஸ்ட்ரிப்பிற்குள் புதுவரிக் குறியை மட்டும் கொடுத்து நீக்குங்கள். படிவத்தில் தட்டச்சிட்டது எண்ணாகத் தோன்றினாலும் சரமாகவே வரும். ஒருமுறை முழுதும் படித்த கோப்பை, தொடக்கத்துக்குத் திரும்பாமல் மறுபடி படித்தால் வெறுமையே கிடைக்கும். வளையத்துக்குள், கோப்பைப் படிக்கும் ரீட் எழுதுபவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள்.

வேப்பம்பூ:
நடுநிசி அவர்களே, நான் ஸ்ட்ரிப் என்ற சொல்லையே எழுதவில்லை.

கொன்றை:
என் கோப்பில் பெயர்கள் தமிழில் இருந்தன. 'கொ' உள்ள பெயர்கள் மட்டும் பொருந்தவில்லை; ரெப்ரும் இரண்டையும் ஒரே மாதிரிதான் காட்டியது. ஒவ்வோர் எழுத்தாக, அதன் யூனிகோடு எண்ணைத் தரும் ஆர்ட் போட்டு அச்சிட்டேன்: கோப்பில் ககரமும் ஒரே உயிர்க்குறியும், படிவத்தில் ககரம், கொம்பு, கால் என மூன்று. இரு பக்கத்தையும் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவுக்கு நார்மலைஸ் செய்த (ஒரே சீராக்கிய) பிறகே நிரல் "உள்ளது" என்றது.