பிராண்ட் இல்லாத கோல்ஃப் செட் வாங்கலாமா?

புதுப்பந்து:
டல்லாஸ்ல இருக்கேன். ஆபீஸ்ல எல்லாரும் சனிக்கிழமை ஆனா கோல்ஃப்னு கிளம்புறாங்க, நானும் வாடகை கிளப்பை (கோல்ஃப் மட்டை) வெச்சு ஒப்பேத்திட்டு இருக்கேன். சொந்தமா வாங்கலாம்னு பார்த்தா டெய்லர்மேட் கம்பெனியோட பி790 அயர்ன் (நடுத்தர தூரம் அடிக்கிற கிளப்) செட்டே ஆயிரம் டாலரைத் தாண்டுது. காஸ்ட்கோ கடையோட சொந்த பிராண்ட் கிர்க்லாண்ட் ஓகேவா? ஆன்லைன்ல அதே பி790 புதுசு முந்நூறுக்கு வருதே, அது எப்படி? உயரம் 5 அடி 5.

பழைய_அயர்ன்:
முந்நூறுக்கு புது பி790ஆ? சத்தியமா டூப்ளிகேட், கிட்டயே போகாதீங்க. சொந்தப் பேர்ல சீப்பா விக்கிறவன் வேற, அடுத்தவன் பேரைப் பொறிச்சு விக்கிறவன் வேற. கிர்க்லாண்ட் சொந்தப் பேர்ல விக்கிற ரகம், ஏழு அயர்ன் 499.99 டாலருக்கு வந்துச்சு, 2024 ஆரம்பத்துலயே பி790 பேட்டன்ட்டை மீறிட்டாங்கன்னு டெய்லர்மேட் காஸ்ட்கோ மேல கேஸ் போட்டுச்சுன்னா பார்த்துக்கோங்க. ஆனா அது பிளேயர்ஸ் அயர்ன், ஓரளவு அடிக்கத் தெரிஞ்சவங்களுக்கு. உங்களுக்கு இப்ப ஹெட் (பந்துல படுற பகுதி) பெருசா இருக்கிற கேம் இம்ப்ரூவ்மென்ட் டைப் தான் சரி, பந்து நடுவுல படலைன்னாலும் கொஞ்சம் காப்பாத்தும். கிர்க்லாண்ட் வெட்ஜ் (கிட்டத்துல இருந்து பந்தைத் தூக்கி அடிக்கிற கிளப்) செட்டை வேணா பின்னாடி எடுத்துக்கோங்க, 52, 56, 60 டிகிரி மூணும் சேர்ந்து வரும்.

ஒம்பதாம்_குழி:
நான் சொல்றது செகண்ட் ஹேண்ட் தாங்க. கேலவே கம்பெனியே பழசை வாங்கி தனி சைட்ல விக்குது, டூப்ளிகேட் பயமே இல்ல. பழைய பிங் கம்பெனி அயர்ன் கிடைச்சா ஹெட்ல ஒரு கலர் புள்ளி இருக்கும் பாருங்க, கருப்புன்னா ஸ்டாண்டர்ட் லை (தரையோட கிளப் தண்டு நிக்கிற சாய்வு), சிவப்பு கொஞ்சம் ஃபிளாட் (படுத்த மாதிரி), நீலம் அப்ரைட் (நிமிர்ந்த மாதிரி). எந்தக் கலர்னு உயரத்தை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க ப்ரோ, நேரா நின்னு மணிக்கட்டுல இருந்து தரை வரைக்கும் யாரையாவது அளக்கச் சொல்லுங்க, கை நீளமா இருந்தா கணக்கே மாறிடும். கிரிப் வழவழன்னு இருந்தா கவலைப்படாதீங்க, மாத்திக்கலாம், ஆனா வெட்ஜ்ல குரூவ் (ஹெட் முகத்துல இருக்கிற கோடு) தேஞ்சிருந்தா விட்டுடுங்க.

அடையார்_காத்து:
சென்னைல நாங்க டெகத்லான் கடையோட இனெசிஸ் பிராண்ட் ஹாஃப் செட்லயே ஆரம்பிச்சோம். ரூல்படி பைல 14 கிளப் வரைக்கும் வெச்சுக்கலாம், அதுக்காக 14ம் வாங்கணுமா என்ன? ஒரு ஹைப்ரிட் (தூரமா அடிக்க), 7, 9 அயர்ன், ஒரு வெட்ஜ், புட்டர் (குழிக்குள்ள தள்ள) போதும், மிச்சக் காசை கோச்சுக்குக் குடுங்க.

புதுப்பந்து:
நன்றி மக்களே, அப்ப பழைய பிங் தேடுறேன். ஷாஃப்ட் (கிளப் தண்டு) ஸ்டீலா கிராஃபைட்டா?

ஒம்பதாம்_குழி:
கை முட்டி, முதுகு வலி இல்லன்னா ஸ்டீல், ரெகுலர் ஃபிளெக்ஸ் (தண்டு வளையுற அளவு). விலையும் கம்மி.