இன்ஜினை அவர் ஓட்டவில்லை

வாட்ஸ்அப் குழு: ஆற்காடு வீடு
ஞாயிற்றுக்கிழமை

சேகர் மாமா, மாலை 6.12
(பலமுறை பகிரப்பட்டது)
கொரியப் போரில் தனி ஒருவனாக ரயில் ஓட்டி ஆயிரம் பேரைக் காப்பாற்றிய ஆற்காட்டுச் சிங்கம் டாக்டர் ரங்கராஜ்!!! உண்மையான தமிழனாக இருந்தால் 10 குழுக்களுக்கு அனுப்பவும்!!!

பெரியம்மா, 6.15
நம் ஊர்க்காரரா சேகர்? கேள்விப்பட்டதே இல்லையே.

சேகர் மாமா, 6.16
ஏ.ஜி. ரங்கராஜ், அக்கா. ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். பெயரிலேயே ஊர் இருக்கிறது, வேறு என்ன ஆதாரம் வேண்டும்?

மிலிட்டரி தாத்தா, 6.31
இனிஷியலில் ஆற்காடு இருந்தால் நமக்குப் பங்காளி ஆகிவிடுவாரா? அவரைப் பற்றி எனக்குத் தெரியும். அவர் ரயில் ஓட்டவில்லை.

நான், 6.32
தாத்தா, சொல்லுங்கள். பள்ளியில் வெள்ளிக்கிழமை பேச்சுப் போட்டி. தலைப்பு இன்னும் கிடைக்கவில்லை.

மிலிட்டரி தாத்தா, 6.40
லக்னோவில் பயிற்சியில் இருந்தபோது எங்கள் உஸ்தாத், அதாவது பயிற்சி ஆசிரியர், சொன்ன கதை இது. 60 பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ். அதற்கு கமாண்டிங் ஆபீசர் லெஃப்டினன்ட் கர்னல் ரங்கராஜ்.

நான், 6.41
ஆம்புலன்ஸுக்கு எதற்குத் தாத்தா கமாண்டிங் ஆபீசர்?

மிலிட்டரி தாத்தா, 6.47
டேய், அது வண்டி இல்லை. ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்றால் ஒரு முழு யூனிட். டாக்டர்கள், என்னை மாதிரி நர்சிங் அசிஸ்டென்ட்கள், ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்கள், சமையல்காரர், கூடாரம், ஆபரேஷன் மேஜை எல்லாம் சேர்ந்தது. கொரியாவுக்குச் சண்டை போட இந்தியா ஆள் அனுப்பவில்லை. தென்கொரியா பக்கம் நின்ற ஐ.நா. படைக்கு ஆஸ்பத்திரி ஒன்றைத்தான் அனுப்பியது. முந்நூற்றுச் சொச்சம் பேர், 1950 நவம்பரில் தென்கொரியத் துறைமுகம் பூசானில் போய் இறங்கினார்கள்.

சேகர் மாமா, 6.48
அப்பா, ரயில்?

மிலிட்டரி தாத்தா, 6.59
வருகிறேன், அவசரப்படாதே. ஒரு விரலால் தட்டுகிறேன்.

அங்கிருந்து வடக்கே, வடகொரியத் தலைநகர் பியோங்யாங் வரை போய்விட்டார்கள். வடகொரியாவுக்காகச் சீனப்படை இறங்கியதால் டிசம்பரில் எல்லோருக்கும் பின்வாங்க உத்தரவு. இவர்களிடம் போதுமான வண்டி இல்லை. சாமானை விட்டுவிட்டு ஆட்கள் மட்டும் கிளம்பினால் உயிர் தப்பலாம். ஆனால் கத்தரி, மயக்க மருந்து, ஸ்டெரிலைசர் இல்லாத டாக்டர் அங்கே எதற்கு? ஊரிலிருந்து மறுபடி சாமான் வர மாதக்கணக்காகும். ரங்கராஜ் சாமானை விட மாட்டேன் என்றுவிட்டார். அதுதான் விஷயம்.

ரயில் யார்டில் பழைய நீராவி இன்ஜின் ஒன்றும் சில பெட்டிகளும் அநாதையாக நின்றன. ஜவான்களிலேயே இன்ஜின் வேலை தெரிந்தவர்கள் இருந்தார்கள். பாய்லருக்குத் தண்ணீர் வேண்டுமே? வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றி ஊற்றினார்கள். சாமான் ஏறியது, காயம்பட்டவர்கள் ஏறினார்கள், கிளம்பிவிட்டார்கள். பாலத்தைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

ஆக, ஓட்டியவர்கள் ஜவான்கள். ஃபார்வர்டில் பெயர் போடாமல் விட்டுவிட்டார்களே, அவர்கள்.

பெரியம்மா, 7.02
வாளியில் தண்ணீர் ஊற்றி ரயிலா! நம் தெருவில் லாரித் தண்ணீர் வந்த காலம் ஞாபகம் வருகிறது.

மிலிட்டரி தாத்தா, 7.08
அந்தக் குளிர் உனக்குத் தெரியாது. நான் லடாக்கில் லே என்ற ஊரில் இருந்தபோது டிரிப் பாட்டிலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படுப்பேன். வெளியே வைத்தால் காலையில் கல். கொரியாவில் பிளாஸ்மாவே உறைந்ததாம்.

சேகர் மாமா, 7.09
சரி, பாராசூட் என்றீர்களே. டாக்டர் எதற்குக் குதிக்க வேண்டும்?

மிலிட்டரி தாத்தா, 7.20
குதித்தவனுக்குத்தானே முதலில் கால் உடையும்? மேலும், சண்டை நடக்கும் இடத்துக்கு ரோடு இருக்காது. 1941இல் இந்தியர்களில் முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்த இருவரில் ஒருவரே ரங்கராஜ். அப்போது அவர் லெஃப்டினன்ட், பட்டாலியன் டாக்டர். இன்னொருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்.

பத்து வருடம் கழித்து, 1951 மார்ச் 23. அன்று புனித வெள்ளி. சியோலுக்கு வடக்கே முன்சான்-நியில் அமெரிக்கப் பாராசூட் படையினர் 3,000க்கும் மேல் குதித்தார்கள். அவர்களோடு நம்மவர்கள் 12 பேர், சர்ஜரி டீம். ரங்கராஜும் குதித்தார். கமாண்டிங் ஆபீசர் கூடாரத்தில் உட்கார்ந்து ஃபைல் பார்க்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

கொரியாவில் இருந்த மூன்று வருடத்துக்கும் மேலான காலத்தில் அந்த யூனிட் பார்த்த நோயாளிகள் 2 லட்சத்துக்கும் மேல். சிப்பாய், ஊர் ஜனம் எல்லாம் சேர்த்து. அவருக்கு, போரில் காட்டும் வீரத்துக்கான நாட்டின் இரண்டாவது உயரிய விருதான மகாவீர் சக்ரா கிடைத்தது. 2020 ஜூலையில் தென்கொரிய அரசு அவரை அந்த மாதத்தின் போர் வீரராக அறிவித்தது. இங்கே நமக்கு ஃபார்வர்டில்தான் தெரிகிறது.

நான், 7.22
போதும் தாத்தா, மூன்று நிமிடப் பேச்சுக்கு இதுவே அதிகம்.

மிலிட்டரி தாத்தா, 7.29
முக்கியமானதே இன்னும் வரவில்லை. பட்டாளத்தை விட்டபின் அவர் உலக சுகாதார நிறுவனத்தில் சேர்ந்தார். ஆப்கானிஸ்தானில் பெரியம்மாவை ஒழித்தவர்களில் முக்கியமானவர் அவர்.

பெரியம்மா, 7.30
அப்பா!!! என்னையா?

சேகர் மாமா, 7.30
அக்காவை ஒழிக்க ஆப்கானிஸ்தான் வரை எதற்குப் போக வேண்டும்

மிலிட்டரி தாத்தா, 7.33
பெரியம்மை. பெரியம்மை. இந்த போன் தானாக மாற்றுகிறது. அம்மை நோய்.

நான், 7.34
பத்திரிகைக்காரர் கேட்டால் நான் ஸ்கிரீன்ஷாட் தருவேன்.

பாட்டி, 7.41
சிரிப்பை நிறுத்துங்கள். என் இரண்டு கையிலும் தழும்பு இருக்கிறது. அம்மை குத்துகிறவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் நாங்கள் பின்பக்கச் சுவரேறிக் குதித்து ஓடுவோம். வட்டமாக முள் வைத்த ஒன்றைத் தோலில் அழுத்தித் திருகுவார். ஒரு வாரம் கை வீங்கும், சீழ் வைக்கும். அம்மா வேப்பிலையால் வருடி விடுவாள்.

பெரியம்மா, 7.43
என் கையில் ஒன்று இருக்கிறதே, அதுவா?

மிலிட்டரி தாத்தா, 7.46
இல்லை. உனக்கு இருப்பது பி.சி.ஜி., காசநோய்க்கு. நீ பிறந்தபோது பெரியம்மை போய்விட்டது. 1980 மே மாதம் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள்.

நான், 7.47
ஆப்கானிஸ்தானில் எப்படித் தாத்தா?

மிலிட்டரி தாத்தா, 7.58
அங்கே பனிக்காலம் வந்தால் கணவாய் மூடிவிடும், ஊருக்கு ஊர் போகவே முடியாது. இன்னொரு சிக்கல், நோய்த் தடுப்பு என்று ஊர் ஊராகப் போய் நிஜப் பெரியம்மைப் பொருக்கையே தோலைக் கீறி ஏற்றும் பரம்பரை ஆட்கள் இருந்தார்கள். ஏற்றிக்கொண்டவன் பெரும்பாலும் பிழைப்பான், அவனிடமிருந்து பக்கத்து வீட்டுக்குப் பரவிவிடும். அவர்களையும் சமாளிக்க வேண்டும். கையில் இருந்த ஆயுதம் இரண்டு முனை ஊசி. நடுவில் ஒரு துளி மருந்து நிற்கும், 15 குத்து. பாட்டி சொன்ன முள் சக்கரம் மாதிரி கொடுமை இல்லை. 1972 வாக்கில் அந்த நாட்டில் தானாகப் பரவுவது நின்றது.

கொரியாவில் சாமானை விடாத அதே ஆள். யாரும் சுடவில்லை, பதக்கமும் இல்லை. எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

சேகர் மாமா, 8.00
நீங்களும் பட்டாளத்தில் 17 வருடம் நர்சிங் வேலைதானே பார்த்தீர்கள் அப்பா. ரிட்டயர் ஆகி வந்தபோது ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு பாய் வேலை தருகிறோம் என்றார்களே.

மிலிட்டரி தாத்தா, 8.02
அதை எதற்கு இப்போது? நம் சான்றிதழ் அவர்களுக்குப் புரியவில்லை. போலியோ சொட்டு மருந்து முகாமில் உட்காரக் கூப்பிட்டார்கள், போனேன். அங்கே யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

பாட்டி, 8.03
முகாம் முடிந்து வந்தால் சட்டை முழுக்கக் குழந்தைகள் துப்பிய மருந்து. துவைத்தது நான்.

நான், 8.05
தாத்தா, அந்த யூனிட் இப்போதும் இருக்கிறதா?

மிலிட்டரி தாத்தா, 8.09
இருக்கிறது, ஆக்ராவில். 2023 பிப்ரவரியில் துருக்கி பூகம்பத்துக்குப் போய் இஸ்கெண்டருனில் ஆஸ்பத்திரி போட்டவர்கள் அவர்கள்தான். டி.வி.யில் காட்டினான், நீ கிரிக்கெட்டுக்கு மாற்றிவிட்டாய்.

நான், 8.10
மன்னிக்கவும் தாத்தா. பேச்சை எப்படி ஆரம்பிக்கட்டும்?

மிலிட்டரி தாத்தா, 8.12
இன்ஜினை அவர் ஓட்டவில்லை என்று ஆரம்பி. சேகர், அந்த ஃபார்வர்டை அழித்துவிடு.

சேகர் மாமா, 8.14
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சேகர் மாமா, 8.15
இங்கே அழித்துவிட்டேன் அப்பா. ஆனால் 10 குழுவுக்கு முந்தாநாளே அனுப்பிவிட்டேன். அங்கே அழிக்க விடமாட்டேன் என்கிறது.