எச்சிவேரியா அடி இலை கொழகொழன்னு ஆகி உதிருது, காப்பாத்த முடியுமா?

கேள்வி: நாங்க சென்னை. ஊட்டில வாங்கின எச்சிவேரியா (ரோஜாப்பூ மாதிரி அடுக்கா, தடிச்ச இலை உள்ள சின்னச் செடி), வரும்போது அவ்ளோ அழகு. இப்போ கீழ் இலையெல்லாம் மஞ்சளாகி உள்ள தண்ணி தெரியுற மாதிரி இருக்கு, தொட்டாலே கழண்டு வருது. மொட்டை மாடில ஷேட் நெட் கீழ வச்சிருக்கோம், வாரத்துக்கு ரெண்டு தடவை தண்ணி, மழையும் ஆரம்பிச்சிருச்சு. உரம் பத்தலையா?

பதில்: உரம் போட்றாதீங்க ப்ளீஸ்! அடி இலை சருகா காஞ்சு உதிர்ந்தா வயசானது, கவலையில்ல. கொழகொழன்னு போனா வேர் அழுகுதுன்னு அர்த்தம். தொட்டில இருந்து எடுத்துப் பாருங்க, நர்சரில பெரும்பாலும் கோகோபீட்ல (தேங்காய் நார்த் தூள்) தான் வச்சுத் தருவாங்க, மழைக்காலத்துல அது காயவே காயாது.

கேட்டவர்: எடுத்தாச்சு. தண்டு அடில கருப்பு, மேல பச்சையா தான் இருக்கு. அப்புறம் இலை மேல வெள்ளையா பவுடர், ஃபங்கஸா? துடைக்கலாமா?

இன்னொருவர்: ஐயோ துடைக்காதீங்க, அது செடியோட மெழுகு, வெயில்ல இருந்து காப்பாத்துறது அதுதான், போனா அந்த இலைல திரும்ப வராது. இலை இடுக்குல பஞ்சு பஞ்சா இருந்தா மட்டும் மாவுப்பூச்சி, ஸ்பிரிட் தொட்ட இயர்பட்ஸால எடுங்க. தண்டை பிளேடால வெட்டுங்க, நடுவுல கருப்பு புள்ளி தெரிஞ்சா இன்னும் மேல வெட்டுங்க, சுத்தமா பச்சை வர்ற வரைக்கும், ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடை ஸ்பிரிட்ல துடைச்சிட்டு. அப்புறம் காத்தோட்டமான நிழல்ல வெட்டு வாய் நல்லா காயட்டும், அதுவரை மண்ணே வேணாம். பிறகு செங்கல் சில்லு, பெர்லைட் (தண்ணி தேங்காம இருக்கப் போடுற லேசான வெள்ளைக் கல் துகள்), கொஞ்சம் செம்மண் கலந்து, வெட்டின மேல் பகுதியை, அதாவது தலையை, அது மேல உட்கார வைங்க. ஒண்ணு ரெண்டு நல்ல இலையையும் முழுசா திருகி எடுத்து காய விடுங்க, தலை பிழைக்கலன்னாலும் அதுல குட்டி வரும்.

மற்றொருவர்: ஒரு விஷயம் சேர்த்துக்கிறேன். இது மெக்சிகோ மலைச்செடி, ராத்திரில தான் இலைத்துளை திறந்து மூச்சு விடும், அந்த நேரம் குளிர்ச்சியா இருக்கணும். நம்ம கோடைல ராத்திரியும் கொதிக்குது, அதனால சோர்ந்துடும், அப்போ தண்ணியைக் குறைக்கணும். சென்னைல இதுக்கு நல்ல காலம் மார்கழி, தை தான். சும்மா கிழமை பாத்து ஊத்தாம, மண்ணு அடி வரைக்கும் காஞ்சு இலை லேசா சுருங்கினா ஊத்துங்க.

கேட்டவர்: வெட்டின தலையை வெயில்ல வைக்கலாமா?

மற்றொருவர்: வேர் விடுற வரைக்கும் வேணாம், மழை படாத வெளிச்சமான ஜன்னல் போதும். வேர் பிடிச்சதும் காலை வெயில், அதுவும் கொஞ்சம் கொஞ்சமா பழக்குங்க, ஒரேடியா வச்சா இலை கருகிடும்.