மறு: கிட் எல்எஃப்எஸ்ஸில் ‘பாயின்டர் ஃபைல்’: சுட்டிக்கோப்பா, குறிச்சீட்டா?

> ‘சுட்டிக்கோப்பு’ என்றே வைத்துவிடலாம். சி மொழிப் பாடத்தில் பழகிய சொல்தானே.

கோப்புகளின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் மென்பொருள் கிட். பெரிய கோப்பின் அசலைத் தனியே சர்வரில் வைத்துவிட்டு, அதற்குப் பதில் ஒரு குட்டிக் கோப்பை மட்டும் கிட்டில் வைக்கும் துணைக்கருவி எல்எஃப்எஸ். அந்தக் குட்டிக் கோப்புக்குத்தான் தமிழ்ப்பெயர் தேடுகிறோம். பழகிய சொல் என்பதுதான் அண்ணா சங்கடமே. மவுசும் சுட்டி, வலையிணைப்பும் சுட்டி. அது போகட்டும், இந்தக் கோப்பு எந்த இடத்தையும் சுட்டுவதே இல்லை. நோட்பேடில் திறந்தால் மூன்றே வரி: பதிப்பு, 64 எழுத்தில் எஸ்ஹெச்ஏ-256 கைரேகை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளம்), அசலின் அளவு. 400 எம்பி டிஃப் (TIFF) படத்துக்கு மொத்தமே 134 பைட். அசல் எந்தச் சர்வரில் இருக்கிறது என்பதை கிட் எல்எஃப்எஸ் ரிமோட் (சர்வரில் உள்ள களஞ்சியம்) முகவரியிலிருந்தோ அமைப்புக் கோப்பிலிருந்தோ எடுத்துக்கொள்ளும். திருப்பூரில் நூல் மூட்டை மேல் லாட் நம்பர் இருக்கும், எந்தக் குடோன் என்று இருக்காது, அதே கதைதான். ஆகவே ‘குறிச்சீட்டு’.

இந்தப் பெயர் உதவிப் பக்கத்தில் வரப்போகிற இடத்தையும் பாருங்கள். எல்எஃப்எஸ் நிறுவாத கணினியில் களஞ்சியத்தைக் குளோன் (நகல்) செய்தால் பிரின்ட் டிசைனுக்குப் பதில் குறிச்சீட்டுதான் வந்து உட்காரும். போட்டோஷாப் திறக்க மறுக்கும். நிறுவிவிட்டு ‘கிட் எல்எஃப்எஸ் புல்’ கொடுத்தால் அசல் இறங்கிவிடும். அது தெரியாதவர் ஃபைல் கெட்டுப்போச்சு என்று பென்டிரைவிலிருந்து அசலை மேலே போட்டு கமிட் (வரலாற்றில் பதிவு) செய்வார். அசலைக் குறிச்சீட்டாக மாற்றும் வடிகட்டி இல்லாத கணினி என்பதால் 400 எம்பியும் சத்தமில்லாமல் வரலாற்றுக்குள் போய்விடும். கிட்ஹப் தளம் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, புஷ் (சர்வருக்கு அனுப்புவது) அங்கேயே நிற்கும். அடுத்த கமிட்டில் அழித்தும் பயனில்லை, பழைய கமிட்டில் அது இருக்கிறதே! ‘மைக்ரேட் இம்போர்ட்’ மாதிரி ஒன்றால் வரலாற்றையே திருத்தி எழுதித்தான் ஆக வேண்டும். அது தொட்ட கமிட்டிலிருந்து எல்லா ஹாஷும் (கமிட்டின் அடையாளம்) மாறும். அவை ஏற்கெனவே பகிரப்பட்டிருந்தால் அத்தனை பேரும் புதிதாகக் குளோன் எடுக்கணும்.

---

> ஆகவே ‘குறிச்சீட்டு’.

அர்த்தம் சரிங்க. வெறும் ‘சீட்டு’ என்று மட்டும் சுருக்கிவிடாதீங்க, நம்ம பக்கம் அது ஏலச்சீட்டு.

பெரிய கோப்புகளுக்கான இன்னொரு கருவி கிட்-அனெக்ஸ், அதையும் இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். அங்கே இயல்பாக வருவது சிம்லிங்க் (வேறு கோப்பின் இடத்தைக் காட்டும் இணைப்பு). டாட்கிட் அடைவுக்குள் இருக்கும் இடத்தை நிஜமாகவே சுட்டும். உள்ளடக்கம் இந்தக் கணினியில் இல்லையென்றால் அறுந்த இணைப்பாகத் தெரியும், ‘அனெக்ஸ் கெட்’ கொடுக்கணும். அதற்குச் சுட்டி என்பதே பொருந்தும். ‘அன்லாக்’ செய்த (திருத்துவதற்குத் திறந்துவிட்ட) கோப்புக்குத்தான் கிட்டுக்குள் குறிச்சீட்டு மாதிரி ஒன்று பதிவாகும், அங்கே உங்க சொல்லை எடுத்துக்கலாம்.

‘கிளீன்’, ‘ஸ்மட்ஜ்’ என்ற இரண்டு வடிகட்டிப் பெயர்களையும் நேராக மொழிபெயர்த்தால் துடை, அப்பு என்று வந்து சிரிப்பாகிவிடும். கமிட்டுக்கு முன் அசலைக் குறிச்சீட்டாக மாற்றுவது (கிளீன்) ‘குறிச்சீட்டாக்கல்’, செக்அவுட்டில் (கோப்புகளை வேலை அடைவுக்கு எடுக்கும்போது) குறிச்சீட்டு இருந்த இடத்தில் அசலை வைப்பது (ஸ்மட்ஜ்) ‘நிரப்பல்’. ஸ்கிப் ஸ்மட்ஜ் மாறியை 1 என்று வைத்துக் குளோன் எடுப்பது ‘நிரப்பாக் குளோன்’. மெதுவான இணைப்பில் முதலில் அப்படி எடுத்து, வேண்டிய அடைவை மட்டும் ‘இன்க்ளூட்’ போட்டு இறக்குவார்கள். மறுப்பு இல்லையென்றால் இந்த மூன்றையும் மொழிபெயர்ப்புக் கோப்பில் சேர்த்துவிடுகிறேன். ‘ப்ரூன்’ (கணினியில் தேங்கிய பழைய அசல்களை நீக்குவது) மட்டும் பாக்கி, ‘கழித்தல்’ என்றால் கணக்காகிவிடுகிறது.