டிரெய்லரில் இரண்டாம் இரவு ஹீட்டர் பற்றுவதில்லை: பேட்டரியைக் கூட்டினால் எடை தாங்குமா?

கேள்வி

வணக்கம். காரின் பின்னால் இழுத்துப் போகும், தங்கும் வசதியுள்ள டிரெய்லர் எங்களுடையது. மின் இணைப்பே இல்லாத இடங்களில் அதை நிறுத்தித் தங்குகிறோம். முதல் இரவு ஒரு குறையும் இல்லை. இரண்டாம் இரவு விடியும் நேரத்தில் கேஸ் ஹீட்டரின் விசிறி சுற்றுகிறது, தீ மட்டும் பற்றுவதில்லை. கைக்குழந்தையோடு போகிறோம், இதை இப்படியே விட மனமில்லை.

இருப்பவை: 12 வோல்ட், 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) லெட் ஆசிட் பேட்டரிகள் இரண்டு. ஒவ்வொன்றும் 28 கிலோ, முன்பக்க இரும்புச் சட்டத்தில், காரோடு இணைக்கும் கொக்கியை ஒட்டி இருக்கின்றன. கூரையில் 100 வாட் சோலார். கம்ப்ரசர் ஃபிரிட்ஜ், விளக்குகள், தண்ணீர் பம்ப், எப்போதும் ஓடும் இன்வர்ட்டர். டிரெய்லருக்கு அனுமதித்த மொத்த எடை 1,600 கிலோ; எல்லாவற்றையும் ஏற்றி, காரிலிருந்து கழற்றி எடைமேடையில் நிறுத்தியபோது 1,540. கொக்கியில் இறங்கும் எடை 165, காரின் வரம்பு 170. இதே போல் இன்னும் இரண்டு பேட்டரிகள் சேர்க்கலாமா?

முதல் பதில்

வேண்டாம். 56 கிலோ கூடினால் மொத்த எடை 1,596. வரம்புக்குள்தான் என்று தோன்றும். ஆனால் அந்த இடத்தில் வைக்கும் சுமையில் பெரும்பகுதி கொக்கியில்தான் இறங்கும். 200 கிலோவைத் தாண்டிவிடும்.

செலவைப் பாருங்கள். ஹீட்டர் விசிறி சுமார் 7 ஆம்பியர் இழுக்கும். இரவில் ஐந்து மணி நேரம் ஓடினால் 35 ஏஎச். ஃபிரிட்ஜுக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50. விளக்கு, பம்ப், செல்போன் எல்லாம் சேர்ந்து 10. இன்வர்ட்டர் எதையும் ஓட்டாமலேயே ஒரு ஆம்பியர் குடித்தால் ஒரு நாளில் 24. ஆக 110 ஏஎச் வந்துவிட்டது. லெட் ஆசிட்டில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும், எனவே உங்கள் கையிருப்பு 100தான். குளிரில் அதுவும் சுருங்கும். அந்த சோலார் நல்ல வெயிலில் 25, 30 திருப்பித் தரும், மரநிழலில் அதையும் எதிர்பார்க்க முடியாது. முதலில் இன்வர்ட்டரை அணையுங்கள்.

இரண்டாவது பதில்

விசிறி சுற்றியும் தீ பற்றாததற்குக் காரணம் இருக்கிறது. ஹீட்டருக்குள் காற்றின் வேகத்தை அறியும் சிறிய தகட்டுச் சுவிட்ச் உண்டு. காற்று போதிய வேகத்தில் தள்ளினால்தான் தகடு நகரும். அதன் பிறகே கேஸ் திறக்கும். வோல்டேஜ் இறங்கினால் விசிறி தளர்ந்து தகடு அசையாது. யார் சொன்னாலும் அந்தச் சுவிட்சை நேரடியாக இணைத்துவிடாதீர்கள், அது உயிர்காக்கும் ஏற்பாடு.

விசிறி ஓடும்போதே மல்டிமீட்டரைப் பேட்டரி முனையில் ஒருமுறை, ஹீட்டர் முனையில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் பேட்டரியை விட வயரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கேட்டவர்

அளந்தேன். பேட்டரியில் 11.9, ஹீட்டரில் 10.7! எர்த் வயரைத் தேடிப் போனால், சட்டத்தில் போல்ட் முடுக்கிய இடத்தில் பெயின்ட்டுக்கு மேல் துரு, வயர் முனையில் பச்சை பூத்திருந்தது. கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து மறுபடி முடுக்கினேன். இப்போது ஹீட்டரில் 11.5, தீ உடனே பற்றுகிறது. மிக்க நன்றி. இருந்தாலும் இருப்பு போதவில்லையே, லித்தியத்துக்கு மாறலாமா?

முதல் பதில் எழுதியவர்

தாராளமாக மாறலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் 100 ஏஎச் பேட்டரி ஒன்று சுமார் 12 கிலோதான். எண்பது சதவீதத்துக்கு மேல் எடுத்தாலும் தாங்கும், அதனால் இரண்டே போதும். 32 கிலோ மிச்சம். ஆனால் இங்கேதான் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அந்த 32 கிலோவும் முன்பக்கத்திலிருந்து போகிறது. கொக்கி எடை 135 பக்கம் வந்துவிடும். 1,508 கிலோ வண்டிக்கு அது 9 சதவீதம்தான். 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் பின்னால் ஆட்டம் போடத் தொடங்கும், அது ஆபத்து. பின்பக்கத்தில் இருக்கும் கனமான சாமானைச் சக்கர அச்சுக்கு முன்னால் கொண்டு வாருங்கள். பிறகு கொக்கி எடையை மறுபடி அளக்காமல் கிளம்ப வேண்டாம்.

இரண்டாவது பதில் எழுதியவர்

சார்ஜரையும் பாருங்கள். பழைய சார்ஜர் 13.6 வோல்ட்டிலேயே நின்றால் லித்தியம் முழுதாக நிறைவது கடினம், 14.2 முதல் 14.6 வரை தரும் சார்ஜர் வேண்டும். காரிலிருந்து வரும் வயரில் நேரடியாக இணைத்தால் லித்தியம் அளவின்றி மின்சாரம் இழுத்து காரில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரைச் சூடாக்கலாம். நடுவில், மின்சாரத்தை அளவோடு அனுப்பும் டிசி-டிசி சார்ஜர் ஒன்று போட்டு, வயரின் இரு முனையிலும் ஃபியூஸ் வையுங்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்யக் கூடாது. குளிரில் தானே சார்ஜை நிறுத்திக்கொள்ளும் பேட்டரியாகப் பார்த்து வாங்குங்கள்.

கேட்டவர்

பின்பெட்டியில் ஜாக்கியும் கருவிப்பெட்டியும் இரண்டு தண்ணீர் கேன்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும் முன் அறைக்கு மாற்றிவிட்டு, கொக்கி எடை எவ்வளவு வருகிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.